கம்பெனி வாசலில் ஒரு காதுகுத்து

பிறந்தநாளுக்கு எந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு பதிவு எழுதலாம் என்றுதான் போன மாதம் கிளம்பினேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இப்போது கொரியாக்காரர்கள் இருக்கிறார்கள், ஒரிசாக்காரர்கள் இருக்கிறார்கள், நெல்லை, ராமநாதபுரத்துப் பையன்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சென்னையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இத்தனை ஊர்ச் சாப்பாடு. அந்த நேரம் பார்த்து, என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த சுடலைமுத்து போன் செய்தான். "ஏல, வார ஞாயித்துக்கெழம எங்க அக்கா மவளுக்கு மொதப் பிறந்தநாளு. இங்க வச்சுதான் காதுகுத்து. வந்துரு."

ஊரில், குலசாமி கோயிலில் வைக்க வேண்டியதை ஏன் இங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் சுடலை. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஐந்தாம் மாதம் கேட்டான், இல்லை என்றார்கள். ஏழில் கேட்டான், ஒன்பதில் கேட்டான், பதினொன்றில் கேட்டான். காது குத்துகிற ஒற்றைப்படை மாதம் எல்லாம் இப்படியே தீர்ந்து பிறந்தநாளே வந்துவிட்டது. கடைசியில் அவன் அக்கா பேச்சியம்மாள், "அவன் வர முடியலன்னா நாம போவோம்" என்று புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கோயம்பேட்டில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினான்கு ரூபாய். பென்னலூரில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள். நான் கேட்டேன், கண்டக்டர் நிற்கும் என்றார், நின்றது அரை கிலோமீட்டர் தள்ளி. நெடுஞ்சாலை ஓரமாகத் திரும்பி நடந்தேன். ஒரு பக்கம் வயல் இருந்த இடத்தில் முள்வேலி, அதற்குள் இன்னும் எதுவும் கட்டாத காலி மண். மறுபக்கம் வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைகள். விவசாயம் பார்த்தவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த மனையில் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். ஷிப்ட் மாறி மாறி வருவதால் பாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை.

சுடலையின் அறையில் இருந்தவர்கள் அக்கா குடும்பத்துக்காக இரண்டு நாள் வேறு அறைகளுக்குப் போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் பகலில் வந்து போய்க்கொண்டிருந்தான். பிகாஷ், ஒரிசாக்காரன். கொரியாக்காரர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் உதவியாள். என் பதிவுக்கு வேண்டிய ஆள் இவன்தான்.

"கொரியா பர்த்டே, காலையில சூப்," என்றான். "கடல்ல பச்சையா இருக்கும்ல, பாசி, அது போட்டு. பிள்ளை பெத்த அம்மா அதான் குடிக்கும். அதனால பர்த்டேக்கு எல்லாரும் குடிக்கும். அம்மா ஞாபகம்."

"உங்க ஊர்ல?"

"எங்க வீடு, கீரி. பால், அரிசி, சக்கரை. அம்மா செய்யும்." பிறகு சிரித்தான். "இங்க மூணு பர்த்டே ஆச்சு. நான் சூப்தான் செஞ்சேன். வேற ஆளுக்கு."

அன்றைக்கு அந்தக் குழந்தைக்காக அவனே பால் வாங்கி வந்து கீரி கிளறினான். நம் பால் பாயசம்தான். ஏலக்காயோடு ஒரு பிரியாணி இலையும் போடுகிறான், வாசனை வேறாக இருக்கிறது. பேச்சியம்மாள் முதலில் ஒதுங்கி நின்று பார்த்தாள். பிறகு, "தம்பி, அடி பிடிக்கப் போவுது, கரண்டிய இங்க தா" என்று வாங்கிக்கொண்டாள். ஒரு ஓரத்தில் அவள் காப்பரிசிக்கு அரிசி ஊறவைத்திருந்தாள். வெல்லம், தேங்காய், பொரிகடலை, எள் எல்லாம் ஊரிலிருந்தே பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். காதுகுத்துக்கு வந்தவர்களுக்கு அதை அள்ளிக் கொடுக்க வேண்டும். யார் வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பெரிய தூக்குச்சட்டி நிறைய ஊறிக்கொண்டிருந்தது.

குழந்தையின் பெயர் அபிநயா. மாமன் வாங்கி அனுப்பிய கொலுசைப் போட்டுக்கொண்டு அறைக்கும் வாசலுக்கும் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா கணேசன் அதிகம் பேசாதவர். வாசலில் உட்கார்ந்து, போகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சுடலை ஏழு மணிக்கு வந்தான். முகத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"நாளைக்கு ஓவர்டைமாம்க்கா," என்றான். "கப்பல்ல ஏத்தணுமாம். எல்லாரும் வரணுமாம். ஆறுலேர்ந்து ஆறு."

"நீ லீவு எழுதிக் குடுத்தியேல?"

"குடுத்தேன். கையெழுத்தும் போட்டாக. இப்ப இல்லங்காக."

"போவலைன்னா?"

"திங்கக்கெழம கேட்டுல கார்டு எடுக்காது. காண்ட்ராக்ட் ஆளுக்கு அம்புட்டுத்தான்."

அவன் வேலை பார்ப்பது காருக்கு ஒயர் கட்டும் ஒரு கொரியக் கம்பெனியில். பெயர் வேண்டாம். அங்கே நிரந்தர ஆட்களுக்கு மாதம் ஒரு முறை கேன்டீனில் கேக் வெட்டுவார்கள், அந்த மாதம் பிறந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக். காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பிறந்தநாள் கிடையாது. அவர்கள் கை தட்டலாம். இதை எல்லாம் கேட்டு நான் கொதித்துக்கொண்டிருந்தபோது சுடலை சாவகாசமாக இன்னொன்று சொன்னான். அதற்கு முந்தின மாதம் கொரிய மேனேஜரின் மகனுக்கு முதல் பிறந்தநாள். பிள்ளையைப் பட்டு மாதிரி ஏதோ உடுத்திக் கேன்டீனுக்கே தூக்கி வந்தார்களாம். மேசையில் நூல், பென்சில், அரிசி, பணம் எல்லாம் பரப்பி வைத்து எதை எடுக்கிறது என்று பார்ப்பார்களாம். எல்லோருக்கும் வெள்ளையாக அரிசிமாவு கேக் ஒரு துண்டு. எத்தனை பேர் தின்கிறார்களோ அத்தனைக்கு நல்லதாம்.

"லைனையே இருவது நிமிசம் நிறுத்துனாகல்ல," என்றான். "அந்தப் பிள்ள நூல எடுத்துச்சு. நூல எடுத்தா ரொம்ப நாள் வாழுமாம். நாங்கல்லாம் கத்துன கத்துல பயந்து அழுதுட்டு, பாவம்." அவன் குரலில் கோபமே இல்லை. அந்தப் பிள்ளையை அவனுக்குப் பிடித்திருந்தது. நான்தான் கையிலிருந்த கீரியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆறு மணிக்கு வந்த பிறகு குத்தக்கூடாதா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். அதற்கப்புறம் விளக்கு வைத்துவிடுவார்கள், பிள்ளை உடம்பில் ஊசி படக்கூடாது. அதோடு இரவு வண்டிக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். கணேசனுக்குத் திங்கட்கிழமை காலை மில்லில் ஷிப்ட். அங்கேயும் கார்டு.

பேச்சியம்மாள்தான் கேட்டாள். "உனக்குச் சாப்பாட்டுக்கு எப்பம்ல விடுவான்?"

"எங்க பேட்ச்சுக்குப் பதினொண்ணரை. அர மணி நேரம்."

"பன்னெண்டுக்குத்தான எமகண்டம். அப்பம் அங்க வச்சே குத்திருவோம்."

"எங்க வச்சு?"

"உன் கம்பெனி வாசல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் நகைவேலை செய்யும் ஆசாரி ஒருவரைப் பிடித்தோம். விஷயத்தைச் சொன்னதும் பட்டறையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கோயில்ல குத்திக்கீறேன், வூட்ல குத்திக்கீறேன், மண்டபத்துல குத்திக்கீறேன். கம்பெனி கேட்டாண்ட இன்னா சார், ஸ்டிரைக்கா?" என்று கேட்டார். ஆனால் வந்தார். ஞாயிறு என்பதால் ஷேர் ஆட்டோ கிடையாது. தனி ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய், பென்னலூரிலிருந்து கம்பெனி வரை கிட்டத்தட்ட பதினைந்து கிலோமீட்டர், அரை மணி நேரம். பேச்சியம்மாள், கணேசன், குழந்தை, ஆசாரி, நான், தூக்குச்சட்டி. ஒரகடம் கூட்டுச்சாலை தாண்டினால் சாலை அகலமாக, சுத்தமாக, மரமே இல்லாமல் கிடக்கிறது. ஒரு டீக்கடை கூட கம்பெனி வாசலிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு அப்பால்தான்.

பதினொன்று இருபதுக்குக் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். செக்யூரிட்டியாக இருந்தவர் ஐம்பது வயதுக்காரர், ஏகாம்பரம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. பக்கத்துக் கிராமத்துக்காரர். பட்டுப்புடவையையும் குழந்தையையும் பார்த்துக் குழம்பிப்போனார்.

"இன்னாமா, இங்க கல்யாண மண்டபம் எதுவும் கெடையாது."

நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "ஷிப்ட்ல கீறவன வெளிய வுட முடியாதுபா. என் வேல பூடும். உங்களயும் உள்ள வுட முடியாது, பாஸ் வோணும்."

"உள்ளயும் வேண்டாம், வெளியயும் வேண்டாம்ணே," என்றாள் பேச்சியம்மாள். "இந்தக் கோட்டுல அவன் ஒக்காரட்டும். பிள்ளைய நீட்டுதேன்."

ஏகாம்பரம் கேட் ஓடுகிற தண்டவாளத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். "இந்த எடமே எங்க நெலம்தாம்மா. எனக்கே பாஸ் குடுத்துத்தான் உள்ள வுடறானுங்க," என்று சொல்லிவிட்டு, தன் அறையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து கேட்டை ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்து சரியாகத் தண்டவாளத்துக்கு உள்பக்கம் போட்டார். "கொழந்தைக்கு இன்னா என்ட்ரி. சீக்கிரம் முடிங்க."

சுடலை ஓடி வந்தான். சீருடை, தலையில் தொப்பி, கையெல்லாம் டேப் பசை. சேப்டி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். பேச்சியம்மாள் கொண்டுவந்த புது வேட்டியைச் சீருடைக்கு மேல் மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். தண்டவாளத்தைத் தாண்டிக் குழந்தையைக் கொடுத்தார்கள். மாமனை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், முந்தைய நாள் ராத்திரி முழுக்க அவன் மேல்தான் படுத்திருந்தாள். தொப்பியைப் பிடித்து இழுத்தாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவனை நான் ஒரு படம் எடுத்திருக்கலாம். கேட் பக்கம் கேமராவை எடுக்கக்கூடாது என்று ஏகாம்பரம் முதலிலேயே சொல்லியிருந்தார்.

பெண் பிள்ளைக்கு இடது காது முதலில். ஆசாரி சந்தனத்தால் புள்ளி வைத்தார். சுடலை குழந்தையின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். குத்தியதும் அவள் வீரிட்டாள். "முடிஞ்சுட்டுல தாயி, முடிஞ்சுட்டு, மாமன் இருக்கம்லா," என்று அவன் ஆட்டினான். அவன் கண்ணிலும் தண்ணீர். இடது காதில் தோடு ஏறிவிட்டது. அவன் வாங்கிக் கொடுத்த தோடு.

அப்போதுதான் பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. கறுப்புக் கார். ஏகாம்பரம் விறைத்து சல்யூட் அடித்தார். கேட்டை முழுசாகத் திறக்க வேண்டும், நடுவில் நாற்காலி.

காரிலிருந்து இறங்கியவர் மேனேஜர். கேன்டீனில் பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடியவர். நான் சண்டைக்குத் தயாரானேன். ஆனால் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே வந்தார். டிரைவர் என்னவோ சொல்ல, முகம் மலர்ந்து, ஒரு வயதா என்று கேட்பதுபோல ஒரு விரலைக் காட்டினார். பேச்சியம்மாள் காப்பரிசியை ஒரு பிடி அள்ளி நீட்டினாள். அவர் இரண்டு கையையும் சேர்த்து, குனிந்து வாங்கினார். அங்கேயே நின்று தின்றார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். பிறகு காரில் ஏறிக்கொண்டார். இந்தக் காதுகுத்து ஏன் கேட்டில் நடக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நம் நாட்டு வழக்கம் என்று நினைத்திருப்பார்.

அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

கார் நின்றதை உள்ளேயிருந்து சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். நம் ஆள்தான், முப்பது வயதிருக்கும். ஓடி வந்தார்.

"டேய் சுடல! சார் வண்டி நிக்குது, நடுவுல சேர் போட்டு ஒக்காந்துக்கினு இருக்கியா? எழுந்திர்ரா!"

"ஒத்தக் காதுதான் சார் பாக்கி. ரெண்டு நிமிசம். இன்னும் சாப்பாட்டு நேரம் இருக்கு."

"லைன் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஆர்டர். வரியா இல்லியா?"

"சார், பன்னெண்டுக்கு மேல குத்தக்கூடாது சார்."

"அப்ப கார்டக் குடுத்துட்டு வெளில போய் எத்தினி காது வோணா குத்திக்க."

சுடலை எழுந்திருக்கவில்லை. கழுத்தில் தொங்கிய கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். கழற்றியிருப்பான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பேச்சியம்மாள் கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"போல," என்றாள். "போ. சாப்பிட்டியா நீ?"

அவன் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, மடியில் விரித்த வேட்டியை இன்னொரு கையில் சுருட்டிக்கொண்டு, வெறும் சாக்ஸோடு ஓடினான். நாற்காலியை எடுத்தார்கள். கார் உள்ளே போனது. கேட் மூடியது. மணி பதினொன்று ஐம்பது.

ஆசாரிக்கு அவசரம். "யாராச்சும் மாமன் மொறையில ஒக்காருங்க, பன்னெண்டு ஆவப்போவுது," என்றார். நான் சம்மணம் போட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணேசன் தயங்கினார். ஒரு நாள் முழுக்கப் பேசாதவர் அப்போது பேசினார். "தம்பி தப்பா எடுக்கக்கூடாது... நீங்க என்ன ஆளுக?"

சாப்பாட்டு நேரத்தில் ஒரு மனுஷனை வேலைக்கு விரட்டிக்கொண்டு போகிறார்கள், வெளியே நின்று நாம் இதைக் கேட்கிறோம். நல்ல கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் பேச்சியம்மாள் குறுக்கே வந்துவிட்டாள்.

"ஆளுகளப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தோம்? நீங்க எந்திரிங்க தம்பி. மாமன்னு ஒருத்தன் உசுரோட இருக்கான். அந்தக் கம்பிக்கு அந்தால இருக்கான். இன்னொருத்தர் மடியில வச்சுக் குத்துனா இவ மாமன் இல்லாத பிள்ளைன்னு ஆயிரும்."

"ஒத்தக் காதோட கொண்டு போனா எங்கம்மா என்னடி சொல்லுவா?" என்றார் கணேசன்.

"சொல்லட்டும்."

ஆசாரி கூலியில் பாதி போதும் என்றார். வற்புறுத்தி முழுசாகக் கொடுத்தோம். தூக்குச்சட்டியில் காப்பரிசி அப்படியே இருந்தது. ஏகாம்பரம் கைக்குட்டையை விரித்து ஒரு பிடி வாங்கி முடிந்துகொண்டார். மீதியைப் பஸ்ஸுக்கு நின்ற பக்கத்துக் கம்பெனிப் பையன்களுக்குப் பேச்சியம்மாள் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று ஒருவன் கேட்டான். "மருமவளுக்குக் காதுகுத்து" என்றாள், மாமன் சொல்வது மாதிரி.

பென்னலூருக்குப் போய் மூட்டையை எடுத்துக்கொண்டு திரும்ப ஒரகடம் வந்து, நாலரைக்குப் படப்பை வழியாகத் தாம்பரம் பஸ் ஏறினோம். டிக்கெட் ஒன்பது ரூபாய், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மணிமங்கலத்தில் பெரிய, பழைய கோயில்கள் இருக்கின்றன, இறங்கிப் பார்க்க வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தேன். பார்க்கவில்லை. அந்தக் கம்பெனி இருக்கும் சாலையை பஸ் தாண்டியபோது பேச்சியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குழந்தையின் காதில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

தாம்பரம் பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் குழந்தையைக் கொஞ்சப் போனவர் பதறிவிட்டார். "ஏம்மா, பிள்ள காதுல ஒரு தோடக் காணுமே! தங்கமாச்சே! இங்கதான் எங்கயாச்சும் விழுந்திருக்கும், எழுந்திருங்க எல்லாரும்!" அவ்வளவுதான். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் பெட்டியை நகர்த்தினார். ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். சுமை தூக்குகிறவர் ஒருவர் மண்டியிட்டுத் தரையைத் தடவினார். முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர், இல்லாத ஒரு தோட்டைத் தேடினார்கள். சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். பேச்சியம்மாள் குழந்தையைக் கணேசனிடம் கொடுத்துவிட்டு, குனிந்து அவளும் தேட ஆரம்பித்தாள்.

கொரியாவில் அரிசிமாவு கேக், ஒரிசாவில் கீரி, சங்கரன்கோவிலில் காப்பரிசி. மூன்றும் அரிசிதான். இதை வைத்து மனிதர்கள் எல்லோரும் ஒன்று என்று அழகாக ஒரு வரி எழுதலாம். எழுத மாட்டேன். ஒரு பிள்ளைக்கு லைன் இருபது நிமிடம் நிற்கிறது, ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட நிற்காது. நான் பார்த்தது இதுதான்.

சுடலையோடு நேற்றுப் பேசினேன். வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பிள்ளைக்கு வலது காது இன்னும் குத்தவில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வார நாட்களில் கோயம்பேட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் ஷேர் ஆட்டோ பத்து ரூபாய், ஞாயிற்றுக்கிழமை நம்பாதீர்கள். கம்பெனி பஸ்ஸில் வெளியாட்களை ஏற்ற மாட்டார்கள், கேட்டுப் பயனில்லை. ஒரகடம் கூட்டுச்சாலையில் சாப்பிட்டுவிடுங்கள், அதற்கு அப்பால் நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. கொரியச் சாப்பாட்டுக் கடைகள் ஸ்ரீபெரும்புதூரில் உண்டு, உள்ளே போனால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள், உட்காருங்கள். உங்கள் வீட்டுத் தாய்மாமனும் அங்கே காண்ட்ராக்டில் இருந்து, நீங்களும் கம்பெனி வாசலில்தான் காது குத்த வேண்டி வந்தால், ஆசாரி ஒருவர் போதாது. இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள். இரண்டு காதையும் ஒரே நேரத்தில் குத்திவிடட்டும்.